ஐந்தாம் ஏட்டின் திருடன்: ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’வில் அமர் அய்யார்

லக்னோ நகரில் 1858ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற நவல் கிஷோர் அச்சகம், 1883இல் ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ என்னும் உருதுக் கதைநூலின் முதல் தொகுதியை வெளியிட்டது. இது தனித்து நிற்கும் நூலன்று. அமீர் ஹம்ஸா என்னும் வீரனின் செயல்களைக் கூறும் ‘தாஸ்தானே அமீர் ஹம்ஸா’ என்ற பெருங்கதை, ‘தஃப்தர்’ எனப்படும் எட்டு ஏடுகளாகப் பகுக்கப்படும் மரபுடையது. அவற்றுள் ஐந்தாவது ஏடே ஹோஷ்ருபா. அச்சகம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெளியிட்டு வந்த இத்தொடர், ஒவ்வொன்றும் சராசரியாக 900 பக்கம் கொண்ட 46 தொகுதிகளாக வளர்ந்தது. தொடரின் முதல் ஏடான ‘நௌஷேர்வான் நாமா’ அச்சேறியது 1890களில்தான். கதை வரிசையில் பின்னே நிற்கும் ஏடு, அச்சு வரிசையில் முன்னே வந்துவிட்டது.

நூல் விற்பனையில் தேர்ந்த முன்ஷி நவல் கிஷோர் (1836–1895) கதையின் நடுவிலிருந்து தொடங்கினார் என்றால், வாசகர் எதைக் கேட்டனர் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும். அந்த ஐந்தாம் ஏட்டில் ஹம்ஸா பெரும்பாலும் கதையின் ஓரத்தில் பாசறையிலேயே இருக்கிறார். ஆயிரக்கணக்கான பக்கங்களைச் சுமந்து செல்பவன் அவருடைய பிறவித் தோழனும் ஒற்றர் தலைவனும் தேர்ந்த திருடனுமான அமர் அய்யார். ஒரு வீரகாவியத் தொடரின் பிற்பகுதி எவ்வாறு ஒரு திருடனின் கதையாயிற்று என்பதையும், அம்மாற்றத்தைச் செய்தவர்களின் பெயர்கள் எவ்வாறு மறைந்தன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் மரபும்

‘அய்யார்’ என்னும் அரபுச் சொல் தமிழ்ச் செவிக்கு ‘ஐயர்’ என ஒலிக்கக்கூடும், இரண்டிற்கும் தொடர்பில்லை. அலைந்து திரிபவன், கட்டுக்கடங்காதவன் என்னும் பொருளில் வழங்கிய இச்சொல், இடைக்கால இசுலாமிய நகரங்களில் ஆயுதந் தாங்கிய இளைஞர் குழுக்களைக் குறித்தது. 812–813இல் பாக்தாத் முற்றுகையிடப்பட்டபோது கலீபா அமீன் தரப்பில் நின்று போரிட்ட நகர்ப்புற ஏழைகளை வரலாற்றாசிரியர்கள் இப்பெயரால் சுட்டுகின்றனர். சஃபாரிய அரசை நிறுவிய யாக்கூப் இப்னு லைத், சீஸ்தானில் செம்புக் கொல்லராக இருந்து அய்யார் குழுவில் சேர்ந்து உயர்ந்தவர். ஒரே மனிதனை அரசின் ஆவணம் கொள்ளையன் என்றும் தெருவின் வழக்கு வள்ளல் என்றும் சொல்லும் இரட்டைநிலை இச்சொல்லுக்குத் தொடக்கம் முதலே உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் ‘சமக்கே அய்யார்’ என்னும் பாரசீக உரைநடைக் கதையில், அரச குமாரனின் காதலுக்காகச் சுவரேறிக் குதிப்பவனே கதைத்தலைவன். அமருக்கு இவன் இலக்கிய மூதாதை.

ஹம்ஸா கதையின் பரவல் வியப்புக்குரியது. நபிகளாரின் சிறிய தந்தையாகிய ஹம்ஸா 625இல் உஹத் போரில் இறந்தார். கதையின் ஹம்ஸாவுக்கு அவருடைய பெயரும் முடிவும் மட்டுமே உரியவை. எஞ்சியவை பாரசீகக் கதைசொல்லிகள் சேர்த்தவை. ‘அமர்’ என்னும் பெயரும் நபித்தோழருள் ஒருவரான அம்ர் இப்னு உமய்யா என்பவரை நினைவூட்டுகிறது. அக்பர் இக்கதையில் கொண்ட பற்றினால் உருவான ‘ஹம்ஸா நாமா’வில் துணியில் தீட்டிய 1400 ஓவியங்கள் இருந்தன. மீர் சையத் அலி, அப்துஸ் சமத் ஆகியோரின் மேற்பார்வையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடந்த பணி அது. இன்று எஞ்சியிருப்பவை 200க்கும் குறைவு. கிழக்கே இக்கதை மலாய் மொழியில் ‘ஹிகாயத் அமீர் ஹம்ஸா’ ஆயிற்று. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைத் தாக்கவிருந்த இரவில் வீரர்களுக்கு வாசித்துக் காட்டத்தக்க கதைகளுள் ஒன்றாக ‘செஜாரா மெலாயு’ இதனைக் குறிக்கிறது. சாவகத்தில் அமர், ‘உமர்மாயா’ என்னும் பெயரில் பொம்மலாட்ட மேடை ஏறினான்.

உருதுவில் இக்கதை 1801இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காகக் கலீல் அலிகான் அஷ்க் எழுதிய ஒற்றை நூலாக முதலில் அச்சுக்கு வந்தது. 1855இல் காலிப் லக்னவி என்பவர் மற்றொரு வடிவத்தை வெளியிட்டார். (இவர் பெருங்கவிஞர் மிர்ஸா காலிப் அல்லர், இருவரையும் ஒருவராகக் கொள்ளும் பிழை அவ்வப்போது தலைகாட்டுகிறது.) அதனை 1871இல் அப்துல்லா பில்கிராமி திருத்தி விரித்தார்.

பிறந்த அன்றே திருடியவன்

இந்த ஒற்றைத்தொகுதி வடிவத்தில் அமரின் பிறப்பு பின்வருமாறு சொல்லப்படுகிறது. ஹம்ஸா பிறக்கும் நாளில் மக்காவுக்கு வந்த பாரசீக அமைச்சர் புஸுர்ஜ்மிஹ்ர், அன்று பிறக்கும் ஆண்மகவுகளைக் கொணர்வோர்க்குப் பொற்பரிசு அறிவிக்கிறார். ஒட்டகக்காரனொருவன் பரிசுக்கு ஆசைப்பட்டு, நாள் நிறையாத தன் மனைவியை உதைக்கிறான். தாய் இறக்கிறாள், குழந்தை பிறக்கிறது. அமைச்சர் அதனைக் கையில் ஏந்துகிறார். சற்று நேரத்தில் அவர் விரலிலிருந்த மோதிரத்தைக் காணவில்லை. தேடினால் அது குழந்தையின் வாய்க்குள் இருக்கிறது.

கேட்போர் சிரிக்கும் இடம் இது. ஆயின் மோதிரத்திற்கு முன்பு ஒரு கொலை இருக்கிறது. உயர்குடிப் பிறப்பும் தெய்வக் காப்பும் பெற்ற ஹம்ஸாவின் அருகில், தந்தையின் பேராசையால் தாயை இழந்து பிறந்த ஏழைக் குழந்தை வைக்கப்படுகிறான். அமரின் தீராத பணத்தாசையைக் கதைசொல்லிகள் எங்கும் கேலி செய்கின்றனர். அதன் வேரையோ அவர்கள் முதல் காட்சியிலேயே காட்டிவிட்டனர் என்று தோன்றுகிறது.

அமரின் கருவிகளுள் பல அவனுக்குக் கிடைக்கும் இடம் சரந்தீப், அதாவது இலங்கை. சரந்தீப்பின் அரசன் லந்தஹூரை எதிர்க்கச் சென்ற பயணத்தில், ஆதமின் அடிச்சுவடு பதிந்ததாக நம்பப்படும் மலையில் இறைத்தூதர்கள் தோன்றிப் பரிசளிக்கின்றனர். சிவனொளிபாத மலை எனவும் பாவாதமலை எனவும் வழங்கும் மலையைச் சுற்றி எழுந்த இசுலாமிய மரபே இங்குக் கதையாகியுள்ளது. உலகையே உள்ளடக்கினாலும் நிறையாத ‘ஸம்பீல்’ என்னும் பை, உடுத்தினால் உருமறையும் போர்வை, எத்துணைப் பெரிய பொருளையும் வாரிச் சுருட்டும் வலை, தாவீதின் குரலினிமை, சளைக்காத கால்கள் ஆகியவை அமருக்கு உரியவை. தானே மும்முறை சாவை வேண்டினாலன்றி அவனுக்கு இறப்பில்லை. திருடனின் கருவிகள் இறைத்தூதர் தந்தவை என்பதில் கதைசொல்லிகளுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

திலிஸ்மும் திருடனும்

‘திலிஸ்ம்’ என்பது கிரேக்க மூலமுடைய சொல். தாஸ்தான் மரபில் அது, சூனியக்காரர் தம் மந்திரத்தால் படைத்து ஆளும் தனி உலகத்தைக் குறிக்கும். அவ்வுலகுக்கு ஆயுள் வரையறுக்கப்பட்டிருக்கும். அதனை உடைக்கப் போகிறவன் யார் என்பதும் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். உடைக்கும் வழி ஒரு பலகையில் எழுதப்பட்டு எங்கோ மறைந்திருக்கும். ஹோஷ்ருபா என்றால் ‘அறிவைக் கவர்வது’ என்று பொருள். அதன் பேரரசன் அஃப்ராசியாப். புலப்படும் நாடு, புலப்படா நாடு, இருள் நாடு என அவன் ஆட்சி மூன்றாகப் பிரிந்துள்ளது. இடையே குருதியாறு ஓடுகிறது. தன்னைக் கடவுளென்று சொல்லித் திரியும் லக்கா, ஹம்ஸாவுக்கு அஞ்சி அவ்வுலகின் எல்லையில் அடைக்கலம் புகுகிறான். ஹம்ஸாவின் மகன் பதீஉஸ்ஸமான் வேட்டையாடச் சென்று மாய மானைக் கொன்று சிறைப்பட, அவனை மீட்கவும் திலிஸ்மை உடைக்கவும் பெயரன் அசத் புறப்படுகிறான். அவனுக்கு முன்னும் பின்னுமாக ஐந்து அய்யார்கள் செல்கின்றனர்: அமர், கிரான், பர்க் ஃபிரங்கி, ஸர்காம், ஜான்ஸோஸ்.

கதையமைப்பின் நுட்பம் இங்குத்தான் உள்ளது. ஹம்ஸா தரப்பு வீரர்க்குச் சூனியம் விலக்கப்பட்டது. வாளோ, ஒரு சொல்லால் கல்லாக்கிவிடும் எதிரியிடம் பயன்படாது. எனவே குறிக்கப்பட்ட வெற்றியாளனாகிய அசத் மீண்டும் மீண்டும் சிறைப்படுகிறான். வாள் தோற்கும் இடத்தில் வேலை செய்யக்கூடியது மாறுவேடமும் மயக்கமருந்தும் மட்டுமே. ஹோஷ்ருபாவை உருவாக்கியவர்கள் பகைவனின் ஆற்றலைச் சூனியமாக்கிய கணமே, வீரனைச் செயலற்றவனாக்கித் திருடனுக்கு அரங்கைத் திறந்துவிட்டனர். அமரின் முதன்மைக்குக் காரணம் அவனுடைய கவர்ச்சி என்று பலர் எழுதுவதுண்டு. கவர்ச்சி உண்மையே, எனினும் கதையின் சட்டங்கள் அவனைத் தவிர வேறெவர்க்கும் வழி விடவில்லை என்பதே முதன்மைக் காரணம்.

அவன் வேலை செய்யும் முறை ஏறத்தாழ மாறாதது. பாடகனாகவோ பணிப்பெண்ணாகவோ முதிய சூனியக்காரனாகவோ வேடமிட்டு விருந்தில் நுழைவான். மதுவில் மருந்து கலப்பான். அவை மயங்கி விழும். பிறகு வலையை விரித்து விளக்கு முதல் விரிப்பு வரை அனைத்தையும் ஸம்பீலுக்குள் திணிப்பான். மயங்கிய சூனியக்காரனின் நாவில் ஊசி குத்தி, மந்திரம் சொல்ல இயலாதவாறு செய்து எழுப்பி, நெறி மாறச் சம்மதமா எனக் கேட்பான். மறுத்தால் தலை போகும். உடனே வானம் இருண்டு பேரிரைச்சல் எழும். இறந்தவன் பெயரைச் சொல்லி ஒரு குரல் அறிவிக்கும். களவு இரகசியமாக முடிவதற்கு இவ்வுலகில் வழியே இல்லை. ஒவ்வொரு வெற்றியும் தன்னைத் தானே பறைசாற்றி, திருடனை அடுத்த ஆபத்தில் தள்ளுகிறது. தொடர் நீள்வதற்கு இதைவிடச் சிறந்த பொறி கிடைப்பது அரிது.

வாசகர் அமரை விரும்புவதற்கு அவனுடைய கஞ்சத்தனமும் ஒரு காரணம். உலகமே தன் பையில் கிடக்க, கடன்பட்டு அழிந்தேன் என்று புலம்புவான். தன் தரப்பு அரசியிடமே கூலி பேசுவான். எனினும் இக்கவர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. மயங்கிக் கிடப்பவரின் கழுத்தை அறுக்கும் காட்சிகள் நூலில் ஏராளம். அவற்றை நகைச்சுவையாகவே கதை நடத்திச் செல்கிறது. அக்காலக் கேட்போர் சிரித்த இடங்களில் இக்கால வாசகர் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தை மறைத்து அமரை வெறும் குறும்பனாக்கிக் காட்டும் சுருக்கப் பதிப்புகள் நூலுக்கு நியாயம் செய்வனவல்ல.

பெண்பாத்திரங்களும் முந்தைய ஏடுகளைவிட இங்கு வலுப்பெறுகின்றனர். அஃப்ராசியாப்பிடமிருந்து பிரிந்து கலகப்படைக்குத் தலைமை ஏற்கும் மஹ்ருக், தன் பூங்கொத்தால் படைகளையே பித்தேற்றும் பஹார் ஆகிய இருவரும் சூனியக்காரிகள். தரப்பு மாறிய பின்னும் சூனியத்தைக் கைவிடாதவர்கள். ஸர்ஸர் என்பவளின் தலைமையில் பகைவர்க்கும் பெண் அய்யார்கள் உண்டு. அமரும் ஸர்ஸரும் ஒருவரையொருவர் ஏமாற்ற முயலும் பகுதிகளில் போரும் காதலும் பிரித்தறிய இயலாதபடி கலக்கின்றன.

மொழிபெயர்ப்பு என்னும் மாறுவேடம்

ஹோஷ்ருபாவின் முதல் நான்கு தொகுதிகளை எழுதியவர் முஹம்மத் ஹுசைன் ஜாஹ் (1883–1890). அச்சகத்தோடு ஏற்பட்ட பிணக்கினால் அவர் விலக, எஞ்சியவற்றை அஹ்மத் ஹுசைன் கமர் எழுதி முடித்தார். ஐந்தாம் தொகுதி மட்டும் இரு பாகங்களாக விரிந்தது. மொத்தம் ஏறத்தாழ 8000 பக்கங்கள். இவை அக்பர் அவைக்கவிஞர் ஃபைஸி பாரசீகத்தில் இயற்றிய மூலத்தின் மொழிபெயர்ப்புகள் என்றே அச்சகம் அறிவித்தது. அத்தகைய பாரசீக மூலம் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. பாரசீக ஹம்ஸா கதைகளில் ஹோஷ்ருபா என்னும் திலிஸ்ம் இடம்பெறவும் இல்லை.

கிடைப்பவை லக்னோக் கதைசொல்லிகளின் பெயர்களே. மீர் அஹ்மத் அலி என்பவரே இத்திலிஸ்மை உருவாக்கியவர் என மரபு கூறும். அம்பா பிரசாத் ரஸா என்னும் கதைசொல்லியின் பெயரும் அதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இசுலாமிய வீரனொருவனின் கதையை வளர்த்தவர்களுள் இந்துக் கலைஞர் ஒருவரும் இருந்தார் என்பது, பிற்காலத்தில் உருதுவையும் இந்தியையும் மதத்தின் பெயரால் பிரித்தவர்களுக்கு வசதியான செய்தியன்று.

மூலம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டது ஏன்? மதிப்புக்காக என்று எளிதில் விடை கூறலாம். பாரசீகப் பெருங்கவிஞரின் பெயர் நூலை உயர்த்தும். இந்நூலின் முதற்பகுதியை 2009இல் ஆங்கிலமாக்கிய முஷர்ரஃப் அலி ஃபாரூக்கி, இதனைக் கதைசொல்லிகளின் ‘அய்யாரி’ என்றே கருதுகிறார்: தம் புதிய படைப்பைப் பழைய மரபுக்குள் மாறுவேடத்தில் நுழைத்துவிட்டனர் என்பது அவர் கருத்து. விளக்கம் சுவையானது, ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் கணக்கிட வேண்டும். வேடம் பலித்ததால் படைத்தோர் பெயர் மறைந்தது. மொழிபெயர்ப்பு என்ற முத்திரையோடு வந்த நூலை, உருது உரைநடையின் சுயமான சாதனையாக இலக்கிய வரலாறு நெடுங்காலம் எண்ணவில்லை. அரசவையில் ஊதியம் பெற்றும் தெருமுனையில் காசு பெற்றும் வாழ்ந்த வாய்மொழிக் கலைஞர்களுக்கு உரிமை என்னும் கருத்தே இல்லாத சூழலில், அச்சகத்தின் கணக்கேட்டில் இடம்பெற்றவர்கள் மட்டுமே ஆசிரியர்களாயினர்.

இது காலனிய எதிர்ப்பா?

1857க்குப் பின் வீழ்ந்த லக்னோவில், சூனியத்தால் ஆளும் பேரரசன் ஒருவனை வேடத்தாலும் தந்திரத்தாலும் கவிழ்க்கும் கதை அச்சாவதைக் காண்போர், அஃப்ராசியாப்பில் ஆங்கிலேயரைக் காண முற்படுவது இயல்பு. மேலும் 1871இல் இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் அவத்தும் ஒன்று. திருட்டைப் பிறப்போடு வரும் இயல்பாக அரசு அறிவித்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், பிறந்த அன்றே திருடிய ஒருவனை அதே நிலப்பகுதியின் அச்சகம் கதைத்தலைவனாக்கி விற்றது.

எனினும் இவ்வாசிப்பை அப்படியே ஏற்பதற்குத் தடைகள் உள. ஹோஷ்ருபாவின் கதைக்கூறுகள் ஜாஹ் எழுதுவதற்கு முன்பே வாய்மொழியில் வழங்கியவை. 1871இன் சட்டத்துக்கு விடையாக அவை படைக்கப்பட்டிருக்க இயலாது. அமரின் சீடனும் அவன் தரப்பின் மிகத் திறமையான அய்யாருமான பர்க்கின் பெயரிலேயே ‘ஃபிரங்கி’, அதாவது ஐரோப்பியன், என்னும் அடை உண்டு, அவன் பகைவனல்லன். நவல் கிஷோரும் காலனிய அரசின் பாடநூல் அச்சுப் பணிகளால் செழித்தவர். படைப்பின் நோக்கத்தில் எதிர்ப்பைத் தேடுவதைவிட, ஏற்பின் வரலாற்றில் தேடுவதே பொருத்தம். ஒரு கதை எழுந்த காலமும் அது விரும்பப்பட்ட காலமும் வேறு வேறாக இருக்கலாம்.

ஏற்பின் பக்கம் சான்று வலுவாக உள்ளது. நசீர் அஹ்மத் 1870களில் எழுதி அரசுப் பரிசு பெற்ற ‘தவ்பத்துன் நசூஹ்’ நாவலில், திருந்திய தந்தை தன் மகனின் பழைய கதைநூல்களையும் கவிதைநூல்களையும் தீயிலிடுகிறார். பயன்தரும் நூல், நல்லொழுக்கம் என்னும் புதிய அளவுகோல்கள் அரசின் ஆதரவோடு பரவிய காலம் அது. அதே காலத்தில் வாசகர் காசு கொடுத்து வாங்கியது, ஒழுக்கம் கற்பிக்காத திருடனின் கதையை. கோரக்பூரில் பதின்பருவத்தைக் கழித்த பிரேம்சந்த் ஹோஷ்ருபாவில் மூழ்கிக் கிடந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். தேவகிநந்தன் கத்ரி 1880களின் இறுதியில் எழுதிய ‘சந்திரகாந்தா’வும் அதன் தொடர்ச்சியான ‘சந்திரகாந்தா சந்ததி’யும் அய்யாரையும் திலிஸ்மையும் இந்திக்குக் கொண்டுசென்றன, அவற்றைப் படிப்பதற்காகவே பலர் நாகரி எழுத்துக் கற்றனர் என்பது இந்தி இலக்கிய வரலாற்றில் வழங்கும் செய்தி. கத்ரியின் திலிஸ்மில் சூனியம் பொறியியலாக மாறியது: மாயக்கதவுகளுக்குப் பின்னே சக்கரங்களும் விசைகளும் இருந்தன. அய்யார் மட்டும் பெரிதும் மாறவில்லை.

பிற்கால நிலை

வாய்மொழி மரபின் கடைசிப் பெருங்கலைஞராகக் கருதப்படும் தில்லி மீர் பாக்கர் அலி 1928இல் மறைந்தார். 46 தொகுதிகளும் முழுமையாக ஓரிடத்தில் கிடைக்காத நிலையில், சம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி பல ஆண்டுகள் தேடி அவற்றைத் திரட்டினார். நாவலின் அளவுகோலால் தாஸ்தானை அளந்து குறைகாண்பது தவறு, வாய்மொழிக் கலைக்கு அதற்கே உரிய இலக்கணம் உண்டு என அவர் நிறுவிய பிறகே இந்நூல்கள் ஆய்வுக்குரியனவாயின. ஒரே நிகழ்வு மீண்டும் மீண்டும் வருதல், முடிவைத் தள்ளிப்போடுதல் ஆகியவற்றைக் குறைகளாகக் கண்ட திறனாய்வாளர்க்கு, கதையை ‘நிறுத்திவைத்தல்’ என்பது லக்னோவில் போட்டியிட்டுக் காட்டப்பட்ட திறமை என்பது தெரிந்திருக்கவில்லை. பாட்னாவின் குதா பக்ஷ் நூலகம் 1980களின் இறுதியில் ஹோஷ்ருபாவை மறுபதிப்புச் செய்தது.

2005இல் மஹ்மூத் ஃபாரூக்கி தில்லியில் தாஸ்தான் சொல்லும் கலையை மீண்டும் மேடையேற்றினார். வெண்ணிற அங்கியும் தொப்பியும் அணிந்து மேடையில் அமர்ந்த இரு கலைஞர்கள் அன்று சொல்லத் தேர்ந்தவை நௌஷேர்வான் காலத்து வீரப்போர்களல்ல. ஐந்தாம் ஏட்டில், சூனியக்காரர்களின் விருந்துக்குள் அமர் வேடமிட்டு நுழையும் பகுதிகளையே அவர்கள் சொன்னார்கள்.